சுவரைத் தட்டிப் பார்க்கும் நிபுணர்

என் நாத்தனாரின் கணவர் இன்றுவரை ஒரு வீடு வாங்கியதில்லை. ஒரு வீட்டுக்கு வாடகை கொடுத்ததும் இல்லை. கல்யாணமான மறுமாதமே பெட்டியும் கையுமாக என் மாமனார் வீட்டுக்கு வந்தவர், பத்தொன்பது வருடமாக அதே வீட்டின் மாடி அறையில் படுத்து எழுந்துகொண்டிருக்கிறார். மாமனார் இறந்து ஆறு வருடம் ஆகிறது. வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. அங்கே குழாய் ஒன்று சொட்டினால்கூட ஆள் வரும்வரை அதன் கீழே வாளி வைப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் வீடு என்ற பேச்சு வந்தால் எல்லாத் தலையும் அவர் பக்கம்தான் திரும்பும்.

காரணம், கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் அவர் ஒரு பெயின்ட் கடையில் நின்றிருக்கிறார். சுவருக்கு அடிக்கும் சாயத்தை டப்பாவில் போட்டு விற்றவருக்குச் சுவரைப் பற்றியும், சுவர் நிற்கும் தரையைப் பற்றியும், தரைக்குக் கீழே ஓடும் தண்ணீரைப் பற்றியும் எல்லாம் தெரியும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவரே சொன்னதால் மற்றவர்களும் நம்பினார்கள். நேரில் நான் அவரை "அண்ணா" என்பேன். மனதுக்குள் நான் வைத்த பெயர் நிபுணர்.

நாங்கள் வீடு வாங்கக் கிளம்பியபோது நிபுணரைக் கூட்டிக்கொள்ளலாம் என்று சொன்னது என் கணவர்தான்.

என் கணவர் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவர். எந்த வண்டி எந்த நிமிடம் எந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்று ஊரில் ஓடும் நூற்றிருபது பேருந்துகளுக்கும் எழுதிக் கொடுப்பார். அத்தனை வண்டிகளை ஒன்றோடொன்று முட்டாமல் ஓட வைக்கத் தெரிந்தவருக்குத் தன் அக்கா வீட்டுக்காரரிடம் எதிர்வார்த்தை ஒன்றை ஓட்டத் தெரியாது. "மாமாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. நாம ரெண்டு பேரும் போனா ஏமாத்திருவாங்க" என்றார். எங்களிடம் ஏமாற்ற அப்படி என்ன இருந்தது? ஏழு வருடச் சேமிப்பும், வங்கி கொடுத்த ஒரு கடிதமும். இவர்களுக்கு இவ்வளவு வரை கடன் தருவோம் என்ற கடிதம். தொண்ணூறு நாள்தான் செல்லும். அதற்குள் வீட்டைப் பிடிக்காவிட்டால் சம்பளச் சான்று முதல் எல்லாவற்றையும் மறுபடி கொடுத்து மறுபடி காத்திருக்க வேண்டும்.

அந்தத் தொண்ணூறு நாளின் ஞாயிற்றுக்கிழமைகளை நிபுணர் எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்கு இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டையில் வந்து நிற்பார். சட்டைப் பையில் ஒரு சிறிய டார்ச்சும் ஒரு கண்ணாடிக் கோலியும் இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார். கண்ணை மூடிக் கேட்பார். பிறகு என் கணவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அடுத்து கோலியைத் தரையில் வைத்துக் குந்தி உட்கார்ந்து, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். கடைசியில் டார்ச்சை அடித்துச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே தலையை விடுவார். வீட்டுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் முன்னால் நிற்கிற மாதிரி நிற்பார்கள்.

முதல் வீட்டில் காலை வெயில் நேராகச் சுவரில் விழுந்தது. "வெயில் பட்டுப் பட்டு சுவர் வெடிச்சிரும் மாப்ள" என்றார். அடுத்த வாரம் வெயிலே விழாத வீடு. "வெயில் படலைன்னா சுவர் ஊறிப் போயிரும்." ஒரு வீட்டுக்கு எதிரில் பள்ளிக்கூடம் இருந்தது, பிள்ளைகள் சத்தம் ஆகாது என்றார். பள்ளிக்கூடமே இல்லாத தெருவில் நின்றுகொண்டு, "நாளைக்கு நீ விக்கணும்னா இதை யாரு வாங்குவா?" என்று கேட்டார். நாங்கள் இன்னும் வாங்கவே இல்லை, அதற்குள் விற்பதைப் பற்றிக் கவலை. புதுக் கட்டடம் என்றால் அஸ்திவாரம் இனிமேல்தான் கீழே இறங்கும். பழையது என்றால் இறங்கி முடித்துவிட்டது. என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் கழுத்து அதற்காகவே செய்யப்பட்டது.

சோதனை முடிந்ததும் மூன்று பேரும் சாப்பிடப் போவோம். நிபுணருக்குப் பசி அதிகம். சுவரைத் தட்டுவதில் அவ்வளவு உழைப்பு இருக்கிறது. காசு கொடுப்பது நாங்கள்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஒரு மருத்துவமனையில் காது சோதிக்கிறவள். ஒலி புகாத சின்ன அறைக்குள் நோயாளியை உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து வெளியே வந்துவிடுவேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஒவ்வொரு சத்தமாக அனுப்புவேன். கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். சிலர் கேட்காமலே அமுக்குவார்கள். காது நன்றாக இருக்கிறது என்று காட்டிக்கொள்ள ஆசை. நான் சத்தமே அனுப்பாத நேரத்தில், ஏதோ தூரத்து மணி கேட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு அமுக்குவார்கள். பதினான்கு வருடமாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நிபுணர் சுவரைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடும்போது அதே முகம்தான்.

இரண்டாவது வீட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "உள்ள காலியா இருக்கு, கேட்டியா?" என்று அவர் தட்டிய சுவர் கல் மாதிரி இருந்தது. செங்கல்லை விட்டுப் பூச்சு விலகிப்போன சுவரின் சத்தமும் கெட்டியான சுவரின் சத்தமும் எனக்குக் கறுப்பும் வெளுப்பும் மாதிரி. அந்த ஆள் ஒன்றும் தெரியாமல் தட்டிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதை அப்புறம் சொல்கிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

ஒன்பதாவது ஞாயிறு பார்த்த வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. இரண்டு படுக்கையறை, நீளமான ஒரு கூடம், கூடத்தின் முடிவில் ஒரு பால்கனி. எதிர் வீட்டுக் கூரைக்கு மேலே வானம் நிறையத் தெரிந்தது. உள்ளே காலை வைத்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. என் கணவருக்கும் பிடித்துவிட்டது என்று அவர் நடையிலேயே தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்காமலே ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கைப் போட்டுப் பார்த்தார்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, பெரிய கைகள், இரண்டு முட்டியிலும் துணிப்பட்டை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். தனி ஆள். படி ஏற முடியாததால் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து வைத்துவிட்டு இதை விற்கிறார்.

நிபுணர் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து சேர்ந்தார். "என்னங்க, லிஃப்ட் மெக்கானிக்னு சொன்னாங்க, உங்க கட்டடத்துலயே லிஃப்ட் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

"முப்பத்தி நாலு வருஷம் அதோட மாரடிச்சவன். வீட்டுக்கு வந்தும் அந்தச் சத்தம் கேக்கணுமா?" என்றார் மெக்கானிக். அவர் சிரிக்கவில்லை.

நிபுணர் தட்ட ஆரம்பித்தார். கூடத்துச் சுவரைத் தட்டி, "காலி" என்றார். அது கெட்டிச் சுவர். சமையலறைச் சுவரைத் தட்டி, "இதுவும் காலி" என்றார். அதுவும் கெட்டி. உள் அறையில் அலமாரிக்குப் பக்கத்தில் தட்டிவிட்டு, "இந்த ஒரு சுவர் பரவாயில்ல" என்றார். அந்த வீட்டிலேயே பூச்சு விட்டிருந்தது அந்த ஒரு இடத்தில்தான். வாசலில் நின்றிருந்த எனக்கே அது கேட்டது. சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு கோலி வெளியே வந்தது. அதைப் பால்கனிக் கதவுக்கு வெளியே வைத்தார். உருண்டு, ஓரத்தில் இருந்த தண்ணீர் போகும் துளையில் போய் நின்றது.

"பார்த்தியா மாப்ள? கட்டடமே சாயுது!"

மெக்கானிக் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து கோலியை எடுத்தார். நொண்டிக்கொண்டே கூடத்துக்கு வந்து நடுத்தரையில் வைத்தார். கோலி அசையவில்லை. உள் அறையில் வைத்தார். அசையவில்லை.

"பால்கனிக்குச் சரிவு வச்சுத்தாங்க கட்டுவாங்க. மழைத் தண்ணி வெளிய போகணும்ல? இல்லைன்னா வீட்டுக்குள்ள வரும். உங்க வீட்டுப் பால்கனியில தண்ணி எங்க போகுது?"

நிபுணர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதை மட்டும் பாராட்ட வேண்டும். "அதெல்லாம் சரிங்க. ஆனா இவ்வளவு குறையை வச்சுக்கிட்டு நீங்க சொல்ற விலை..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க இதுவரைக்கும் எத்தனை வீடு வாங்கியிருக்கீங்க?"

"எண்ணிக்கை முக்கியம் இல்லைங்க. அனுபவம்தான் முக்கியம்."

மெக்கானிக் என் கணவர் பக்கம் திரும்பினார். "வாங்கப் போறது நீங்கதானே? நீங்க என்ன சொல்றீங்க?"

என் கணவர் வீட்டைப் பார்த்தார். பால்கனியைப் பார்த்தார். பிறகு நிபுணரைப் பார்த்தார். "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு வந்தது கோபம் இல்லை. ஹோட்டலில் எச்சில் துடைக்கிற ஈரத் துணியை யாராவது கையில் கொடுத்தால் வருமே, அந்த மாதிரி ஒன்று.

மெக்கானிக் கோலியை நிபுணரின் உள்ளங்கையில் வைத்தார். "இந்தாங்க, உங்க சாமான். கதவு அந்தப் பக்கம். உங்களுக்கு நான் விக்கிறதா இல்ல."

பேருந்து நிறுத்தத்தில் நிபுணர் வெற்றி பெற்றவர் மாதிரி நின்றார். "தப்பிச்சோம் மாப்ள. இவ்வளவு ரோஷப்படுறான்னா எதையோ மறைக்கிறான்னு அர்த்தம். சரி, சாப்பிட எங்க போலாம்?"

எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர்கள் இருவரும் சாப்பிடப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து மாமியார் என் மருத்துவமனைக்கு வந்தார். அவருக்குச் சில வருடங்களாகக் காது சரியாகக் கேட்காது. போன மாதம்தான் நானே சோதித்து, கேட்கும் கருவி பொருத்தியிருந்தேன். முடிக்குள் மறைந்துவிடும் அளவு சின்னது. அதன் சத்தத்தைச் சரிபார்க்கத்தான் வந்திருந்தார்.

"எப்படி இருக்கு அத்தை? நல்லாக் கேக்குதா?"

"கேக்குது. வேண்டாததெல்லாம் கேக்குது."

சத்தம் அதிகமாக இருக்கிறதோ என்று குறைக்கப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அது சரியாத்தான் இருக்கு. வீட்ல இருக்குறவங்கதான் சரியில்ல. எனக்குக் காது கேக்க ஆரம்பிச்சிருச்சுன்னு மாப்பிள்ளைக்கு இன்னும் உறைக்கல. நான் பக்கத்துல உக்கார்ந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருக்கேன், அவர் பாட்டுக்கு என் பொண்ணுகிட்ட பேசுறாரு."

"என்ன பேசுறாரு?"

மாமியார் கண்ணாடி அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார், அங்கே யாரும் இல்லாதபோதும். "உன் தம்பி வீடு வாங்கிட்டா உங்கம்மா அங்க போயிருவாங்க. போனா இந்த வீட்டை வித்துருவாங்க. அப்புறம் நாம எங்க போறதுன்னு கேக்குறாரு. இன்னும் நாலஞ்சு ஞாயிறு ஓட்டிட்டா போதும், பாங்க்கு லெட்டர் செத்துரும், திரும்ப அலைஞ்சு வாங்குறதுக்குள்ள வருஷம் ஓடிரும்ங்கிறாரு. நான் கோலி உருட்டுறது விளையாட்டுக்குன்னு நினைச்சியான்னு ஒரே சிரிப்பு."

மாமியார் வெகுநாளாகச் சொல்லிவந்ததுதான் அது. மகனுக்கென்று ஒரு வீடு அமைந்தால் அவனோடு வந்துவிடுவேன், பழைய வீட்டை விற்று இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவேன் என்பார். நிபுணருக்கு அப்படி ஒரு நாள் வந்தால் அவரே வீடு தேட வேண்டிவரும். மற்றவர்களுக்காக ஒன்பது வீடு பார்த்தவர் தனக்கு ஒரு வீடு பார்க்கப் பயந்து செத்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றி எனக்கு ஆச்சரியம் இல்லை. வெறும் முட்டாள் என்று நினைத்திருந்தேன், கொஞ்சம் வேலை தெரிந்த முட்டாள் என்று தெரிந்தது, அவ்வளவுதான். நான் அசந்துபோனது அடுத்த வார்த்தையில்.

"இதை உங்க பையன்கிட்ட சொன்னீங்களா அத்தை?"

"போன வாரமே சொல்லிட்டேனே. விடும்மா, அக்கா மனசு கஷ்டப்படும்னுட்டான்."

போன வாரம். அதாவது ஒன்பதாவது வீட்டுக்குப் போவதற்கு முன்னால். எல்லாம் தெரிந்துகொண்டேதான் என் கணவர் அன்று அந்தக் கூடத்தில் நின்று, "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அவர் மறுநாளைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலரை முதலில், பிறகு கைகளை, எப்போதும் அதே வரிசை.

"அத்தை வந்திருந்தாங்க" என்றேன்.

கை நின்றது. முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டுவிட்டார்.

"சண்டை வேண்டாம்னுதான்..." என்றார்.

"யாரோட சண்டை?"

"அக்காவோட. மாமாவோட. நமக்கு என்ன அவசரம், இன்னொரு வீடு கிடைக்காமலா போயிரும்?"

"அந்த வீடு உங்களுக்குப் பிடிச்சிருந்ததா, இல்லையா?"

இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்திருந்தார். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எடுத்தார். முதுகில் பழுப்பாக ஒரு முக்கோணம்.

"பிடிச்சிருந்தது" என்றார், சட்டையிடம்.

அவரைத் திட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. திட்டுவதற்கும் எதிரில் ஒரு ஆள் வேண்டும்.

ஆனால் அவரை மட்டும் சொல்லிப் பயன் இல்லை. இதைத்தான் அப்புறம் சொல்கிறேன் என்றேன். இரண்டாவது வீட்டிலேயே எனக்குத் தெரியும், அந்த ஆளுக்குக் கேட்பது ஒன்றும் இல்லையென்று. "அண்ணா, அந்தச் சுவர் கெட்டி" என்று நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அவர் கடை மூடியிருக்கும். சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பின்னால் நின்று, அவர் தட்டுவதையும் இவர் தலையாட்டுவதையும் பார்த்து, மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். இவர்களைவிட நான் எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொள்வது சுகமாக இருந்தது. அந்தச் சுகத்துக்கு ஏழெட்டு வீடு பலி. அதில் நான்கு நல்ல வீடு. ஊமை மாதிரி நின்றவர்களில் ஒருத்தி ஏளனமாக நின்றாள், ஒருவர் பயந்து நின்றார். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

மறுநாள் புதன்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தனியாக அந்த மூன்று மாடியையும் ஏறினேன்.

கதவைத் திறந்த மெக்கானிக் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "கோலி ஆளு கீழ நிக்கிறாரா?"

"இல்லைங்க. நான் மட்டும்தான் வந்தேன். அன்னைக்குப் பேசினதுக்கு மன்னிப்புக் கேக்கலாம்னு."

"நீங்க எதுவுமே பேசலையேம்மா."

"அதுக்குத்தாங்க."

அவர் கதவை அகலமாகத் திறந்து, "உள்ள வாங்க. டீ போடட்டுமா?" என்றார்.

டீ சுமாராகத்தான் இருந்தது. குடித்து முடித்ததும் வீட்டை அவரே மறுபடி சுற்றிக் காட்டினார். இந்தத் தடவை குறைகளை. குளியலறையில் சூடான குழாயும் குளிர்ந்த குழாயும் இடம் மாறியிருந்தன. மழை பெய்தால் மேற்கு ஜன்னல் உப்பிக்கொள்ளும், இரண்டு நாளைக்குத் திறக்க முடியாது. சமையலறைத் தொட்டியின் வாய் சின்னது, மாதம் ஒருமுறை கம்பி விட்டுக் குத்த வேண்டும். மேல் மாடியில் இருப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடப்பார்கள், நான்கு தடவை சொல்லியும் கேட்கவில்லை.

"இதையெல்லாம் வித்த பிறகு நீங்களே கண்டுபிடிச்சு என்னைத் திட்டுவீங்க. இப்பவே சொல்லிட்டா திட்டு மிச்சம்" என்றார்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க" என்றேன்.

உள் அறைக்குப் போய் அலமாரிக்குப் பக்கத்துச் சுவரைத் தட்டினேன். ஒரு சாண் தள்ளித் தட்டினேன். மறுபடி பழைய இடத்தில் தட்டினேன். அவர் காதைச் சுவரோடு ஒட்டி வைத்துக் கேட்டார். தானும் தட்டிப் பார்த்தார்.

"அட! பூச்சு விட்டிருக்கே. இருபத்தி ரெண்டு வருஷமா இந்த ரூம்லதான் படுக்கிறேன், எனக்கே தெரியாது. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

என் வேலையைச் சொன்னேன். அன்றைக்கு நிபுணர் அந்த இடத்தைத்தான் நல்ல சுவர் என்றார் என்பதையும் சொன்னேன். அந்த மனிதர் சிரித்ததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சிரித்துச் சிரித்து, முட்டி வலிக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

விலையில் ஒரு காசு குறைக்க மாட்டேன் என்றார். பூச்சை மட்டும் தன் செலவில் சரிசெய்து தருவதாகச் சொன்னார். நானும் குறைக்கக் கேட்கவில்லை. அது நியாயமான விலை என்று எனக்குத் தெரியும், அதற்குள்தான் ஒன்பது வீட்டு விலை பார்த்திருந்தேனே. பேச்சு முடிந்ததும் ஒரு நிபந்தனை போட்டார்.

"உங்க வீட்டுக்காரரு ஒரு தடவை வரணும். வந்து அவர் வாயால, இந்த வீடு வேணும்னு சொல்லணும். பொம்மைக்கு நான் விக்க மாட்டேன்."

அதே வாரம் சனிக்கிழமை என் கணவரைக் கூட்டிப் போனேன். கூடத்தில் நின்று மூன்று தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்களுக்கு இந்த வீடு வேணும்" என்றார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதி ஒப்பிக்கிற பையன் மாதிரி இருந்தது. அடுத்து, கீழே தெருவில் போன பேருந்தைப் பார்த்து, அது மூன்று நிமிடம் தாமதம் என்றார். மெக்கானிக் ஜன்னலுக்கு வந்து, அந்த வண்டி தினமும் தாமதம்தான் என்றார். பிறகு இருவரும் அரைமணி நேரம் பேருந்தைப் பற்றியே பேசினார்கள். வாழ்க்கையிலேயே பெரிய பொருளை வாங்க வந்த இடத்தில், ஒரு வண்டி ஏன் தாமதமாகிறது என்பதற்கு விளக்கம். நான் பால்கனியில் போய் நின்றுகொண்டேன்.

கடிதம் காலாவதியாக ஒன்பது நாள் இருக்கும்போது வங்கி வேலை முடிந்தது. அதற்கு அடுத்த மாதம் இரண்டு பேர் பெயரிலும் பத்திரம் பதிந்தோம். என் பெயர் முதலில் வர வேண்டும் என்றேன். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தது எனக்குச் சாதகமாக அமைந்த ஒரே தருணம் அதுதான்.

விஷயத்தைச் சொல்ல மாமியார் வீட்டுக்குப் போனோம். நாத்தனார் முகம் சுருங்கியது, பிறகு சமாளித்துக்கொண்டு டீ வைக்கப் போனார். நிபுணருக்குச் சமாளிக்கவே தேவைப்படவில்லை. அன்று வந்திருந்த பக்கத்து வீட்டுத் தம்பதியிடம் காலை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "நான் அன்னைக்குக் கோலி உருட்டி நாலு குறை சொல்லலைன்னா அந்த ஆள் இந்த விலைக்கு இறங்கியிருப்பானா? விடாம குறை சொல்லணும். அதுதான் டெக்னிக்."

அந்தத் தம்பதி மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள்.

"இல்ல மாமா" என்றார் என் கணவர். "விலை இறங்கல."

குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனாலும் நிபுணரின் கால் ஆட்டம் நின்றது. மூலையில் உட்கார்ந்திருந்த மாமியார், ஒவ்வொரு எழுத்தும் கேட்டவர், காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்து வைத்துக்கொண்டார். "என்னடா சொன்ன? எனக்குச் சரியாக் கேக்கல. சத்தமாச் சொல்லு."

என் கணவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேறு வழி இல்லை. "விலை இறங்கலம்மா. மாமா பேசினதுக்கு அந்த ஆள் எங்களை வெளிய போகச் சொல்லிட்டாரு. அப்புறம் இவதான் தனியாப் போய்ப் பேசி முடிச்சா."

"ஓ" என்றார் மாமியார். "அப்படியா சங்கதி."

பக்கத்து வீட்டுக்காரர் தன் டீயை ரொம்பக் கவனமாகக் குடித்தார். நிபுணர் சற்று நேரம் கழித்து, மூன்றாவது மாடி, லிஃப்ட் வேறு இல்லை, வயதான காலத்தில் தெரியும் என்றார். மாமியார், தன் கால் இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது, காதுதான் போனது என்று கூரையைப் பார்த்துச் சொன்னார். அடுத்த மாதக் கடைசியில் எங்களோடு வந்துவிடுவதாகவும் சொன்னார். நாத்தனார் சமையலறையிலிருந்து திரும்பி வரவே இல்லை.

திரும்பும்போது பேருந்தில் என் கணவர் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"நான் பேசினது சரிதானே?"

முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு. நாற்பத்தோரு வயதில், தாய் சத்தமாகச் சொல்லச் சொன்னபிறகு, நடந்ததை நடந்தபடி சொன்னதற்கு ஒரு பதக்கம் வேண்டுமாம். இதற்கு முன்னால் எத்தனை இடத்தில் பேசியிருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

"சரிதான்" என்றேன். "இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசியிருக்கலாம்."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.